கிருஷ்ணகிரி: கடந்துபோறவங்களுக்காகக் கட்டின ஊரா?

லண்டன்பேட்டை_பையன் | சனி, அதிகாலை 12:40

பெங்களூர்ல இருந்து சேலம் பஸ் ஏறினேன். ஏறும்போதே கண்டக்டர் சொல்லிட்டாரு: "கிருஷ்ணகிரி ஊருக்குள்ள போகாது, பாலத்துக்கிட்ட எறங்கிக்கோங்க." எறங்கினேன். தலைக்கு மேல லாரி ஓடுது, கீழ இருட்டு. ஆட்டோக்காரர் கேட்ட காசுக்கு இன்னொரு டிக்கெட் எடுத்து ஓசூருக்கே திரும்பியிருக்கலாம்.

நடந்தே வீட்டுக்கு வந்தேன். வர்ற வழியில யோசிச்சதை இங்க கொட்டுறேன். தூக்கம் வரல.

1864-ல ஜோலார்பேட்டையில இருந்து பெங்களூருக்கு ரயில் போட்டான். குப்பம் வழியாப் போச்சு, நம்ம பக்கம் வரல. 1905-ல திருப்பத்தூர்ல இருந்து நமக்குன்னு ஒரு குட்டி ரயில் வந்துச்சு, 1936-ல அதையும் மூடிட்டான். 1960-கள்ல சேலம்–பெங்களூர் பாதை போட்டப்போ தருமபுரியில இருந்து நேரா ராயக்கோட்டைக்குத் திரும்பிடுச்சு. 1965-ல சேலத்தைப் பிரிச்சாங்க, தலைநகர் தருமபுரி. எழுபதுகள்ல சிப்காட் வந்துச்சு, அது ஓசூருக்கு. கடைசியா 2004-ல நமக்குன்னு மாவட்டம் கிடைச்சுது, கலெக்டர் ஆபீசை ஊருக்குள்ள வைக்காம ஹைவே ஓரத்துல வச்சாங்க. மாவட்டத் தலைநகர்னு பேரு, ரயில்வே ஸ்டேஷன் இல்ல.

ஒரு தடவைன்னா விதின்னு விட்டுடலாம். ஏழு தடவையும் விதியா? எவனோ ஒருத்தன் மேஜை மேல வரைபடத்தை விரிச்சு, நம்ம ஊர் இருக்கிற இடத்துல டீ டம்ளரை வச்சிருக்கான். இது முழுக்க அரசியல். இல்லன்னு சொல்றவங்க வாங்க.


ஓய்வுபெற்ற_சங்கிலி | சனி, காலை 6:15

தம்பி, நான் முப்பத்தொரு வருடம் நில அளவைத் துறையில் இருந்தவன். நீங்கள் சொன்ன வருடங்களில் தவறில்லை. ஆனால் அவற்றை ஒரே கயிற்றில் கட்டுகிறீர்களே, அந்தக் கயிறுதான் எனக்குப் பிடிபடவில்லை.

1864-இல் ரயில் போட்டவனுக்குக் கிருஷ்ணகிரி மேல் கோபமும் இல்லை, பிரியமும் இல்லை. சென்னையிலிருந்து பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்குச் சிப்பாயும் சாமானும் போக வேண்டும். ஏறுவதற்குத் தோதான மேடு எங்கே என்று பார்த்தான், அவ்வளவே. அதற்குப் பெயர் அரசியல் என்றால் மழை பெய்வதும் அரசியல்தான்.

இந்த ஊர் எப்படி உண்டானது என்று முதலில் பாருங்கள். சையத் பாஷா மலை மேல் கோட்டை, சரிவில் பேட்டை. 1791-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேக்ஸ்வெல் படை வந்து பேட்டையைப் பிடித்தது, மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. மறு வருடம் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் பாராமஹால் (நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி) முழுவதும் கம்பெனி கைக்குப் போயிற்று. 1799-இல் திப்புவும் போன பிறகு, இரண்டு ராஜ்ஜியத்துக்கு நடுவில் நிற்கிற கோட்டைக்கு என்ன வேலை? எல்லையே இல்லாதபோது காவல் எதற்கு?

1792-இலேயே பாராமஹாலுக்கு வந்த கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும், தருமபுரியில் தங்கியிருந்த தாமஸ் மன்றோவும் செய்தது என்ன? வயல் வயலாக அளந்தார்கள். விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை முளைத்த மண் இது. நிலத்தை அளந்தார்கள், ஊரை அளக்கவில்லை. வரி வயலில் இருந்தது, பேட்டைத் தெருவில் இல்லை. இந்த ஊருக்கு யாரும் சதி செய்யவில்லை, தம்பி. யாரும் திட்டமே போடவில்லை.


நாலுரோடு_நக்கல் | சனி, காலை 8:02

தருமபுரியில இருந்து வணக்கம். "தலைநகர் தருமபுரிக்குப் போச்சு"ன்னு ஒருத்தர் மூக்கைச் சிந்துறாரு. ஆமா, 1965 அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி அன்னைக்கு எங்களுக்கு மாவட்டம் கொடுத்தாங்க. வாங்கி மாளிகையா கட்டிட்டோம்? 2011 கணக்குல தருமபுரி நகராட்சியில சுமார் 68 ஆயிரம் பேரு. கிருஷ்ணகிரியில சுமார் 71 ஆயிரம். 1965-லேயே தலைநகரான எங்க ஊரை விட, 2004 வரைக்கும் தலைநகரா இல்லாத உங்க ஊர் பெருசுங்க. ஓசூர் மட்டும் அப்பவே ஒரு லட்சத்துப் பதினாறாயிரம்.

ரயில் கதையும் சொல்றேன். மொரப்பூர்ல இருந்து எங்களுக்கும் 1906-ல குட்டி ரயில் வந்துச்சு. 1913-ல ஓசூர் வரைக்கும் நீட்டினான். 1941-ல எல்லாத்தையும் நிறுத்திட்டான். இப்ப மறுபடி மொரப்பூர்–தருமபுரி ரயில்னு 2019-ல அடிக்கல் நட்டாங்க. முப்பத்தாறு கிலோமீட்டர். வெள்ளைக்காரன் போட்டுட்டு எடுத்துட்டும் போனதை நாம மறுபடி போடறதுக்குள்ள அடிக்கல்லுக்கே நடுகல் வயசாயிடும். நடுகல்லுக்குப் பேர்போன மாவட்டம்தானே, ஒண்ணு கூடினா தப்பில்ல.


மத்திகிரி_மைனா | சனி, காலை 9:30

ஓசூரைத் திட்டாம இந்தத் திரி ஓடாதுன்னு தெரியும், அதனால நானே வந்துட்டேன்.

எழுபதுகள்ல தருமபுரி மாவட்டம் பின்தங்கிய மாவட்டம்னு பட்டியல்ல இருந்துச்சு. அங்க தொழில் தொடங்கினா சலுகை உண்டு. ஓசூர் அந்த மாவட்டத்துலதான் இருந்துச்சு, பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்ல. கம்பெனி நடத்துறவரா உங்களை நினைச்சுக்கோங்க. பெங்களூர்ல குடியிருந்துக்கிட்டே பின்தங்கிய மாவட்டத்துச் சலுகையை வாங்கலாம்னா எங்க போவீங்க? தருமபுரிக்கா, பென்னாகரத்துக்கா? 1980 வாக்குல அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் இங்க வந்தது அந்தக் கணக்குலதான்.

அரூர்க்காரனும் பென்னாகரத்துக்காரனும் ஏழையா இருந்ததுல எங்களுக்குக் கம்பெனி கிடைச்சுது. இதைச் சொல்ல எனக்கே கூச்சமாத்தான் இருக்கு. ஆனா அது ஓசூர்க்காரன் செஞ்ச அரசியல் இல்லைங்க. மாவட்டத்தை ஒரே நிறத்துல பூசின வரைபடம் செஞ்சது.


லண்டன்பேட்டை_பையன் | சனி, காலை 10:11

மைனா அக்கா, நான் சொல்ல வந்ததை என்னைவிட நல்லா சொல்லிட்டீங்க, அப்புறம் "அரசியல் இல்ல"ன்னு முடிச்சுட்டீங்க! எந்த மாவட்டம் பின்தங்கினதுன்னு பட்டியல் போடறது யாரு? சலுகை தாலுகாவுக்கா மாவட்டத்துக்கான்னு முடிவு பண்றது யாரு? கடவுளா?

சங்கிலி ஐயா, உங்களுக்கு ஒரு கேள்வி. ராஜாஜி பொறந்தது ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளி. ரெண்டு தடவை முதலமைச்சர், நடுவுல கவர்னர் ஜெனரல். இந்த மண்ணுல பொறந்தவரு அந்த நாற்காலியில இருந்தும் 1941-ல போன தண்டவாளம் ஏன் அப்பவே திரும்பி வரல?


ஓய்வுபெற்ற_சங்கிலி | சனி, காலை 11:40

நல்ல கேள்வி, ஆனால் வருடத்தைக் கவனியுங்கள். 1939 கடைசியில் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்துவிட்டன. 1941-இல் சென்னை மாகாணத்தில் மந்திரிசபையே கிடையாது, கவர்னர் ஆட்சி. உலக யுத்தம் நடக்கிறது, இரும்புக்குப் பஞ்சம். நட்டத்தில் ஓடுகிற குறுகிய பாதைகள் பல மாகாணங்களில் பிடுங்கப்பட்டன. யாரிடம் போய் மனு கொடுப்பீர்கள்? ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆளே இல்லாத காலம் அது.

இன்னொன்று. அந்தப் பாதையின் அகலம் இரண்டரை அடி. அது ஊர் வளர்வதற்காகப் போட்ட ரயில் அல்ல. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா செத்துப் பிழைத்தது. மறுபடி பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று பஞ்சப் பாதுகாப்புக் கணக்கில் போட்ட பாதைகள் இவை. மொரப்பூரிலோ திருப்பத்தூரிலோ பெரிய வண்டியிலிருந்து மூட்டையை இறக்கி, சின்ன வண்டியில் ஏற்றி, மறுபடி இங்கே இறக்க வேண்டும். பஞ்ச காலத்தில் அது உயிர் காக்கும். நல்ல காலத்தில் எந்த வியாபாரி அந்தக் கூலியைக் கொடுப்பான்? மோட்டார் பஸ் வேறு வந்துவிட்டது.

எனவே ரயிலை எடுத்தது அரசியல் என்று நான் சொல்ல மாட்டேன். அதை இரண்டரை அடியில் போட்டது வேண்டுமானால் அரசியல். அதை ஒப்புக்கொள்கிறேன்.


லண்டன்பேட்டை_பையன் | சனி, காலை 11:52

ஐயாவே அரை கிணறு தாண்டிட்டாரு. எல்லாரும் பார்த்துக்கோங்க. (1952-ல ராஜாஜி மறுபடி முதலமைச்சரா வந்தப்போ ஏன் திரும்பலங்கிற கேள்வியை ஐயா நைசா தாண்டிட்டாரு, அதையும் பார்த்துக்கோங்க.)


மதுர_மேஸ்திரி | சனி, மதியம் 1:05

வேலைக்காக நாலு வருசமா கிருஷ்ணகிரியில கெடக்கேன். ஊரு மதுர. இங்கன எல்லாரும் ரயிலையே பேசுறீக. பழையபேட்டைக்குள்ள ஒரு சரக்கு வேன் நொழைஞ்சா எதிர்ல ஸ்கூட்டர் வர முடியல, அதைப் பேசுவோமா?

எங்கூருக் கதைய சொல்றேன். 1830-கள் கடைசியில பிளாக்பர்ன் கலெக்டரா இருந்தாரு. ஊரு கோட்டைக்குள்ள மூச்சு முட்டிக் கெடக்கு. மதிலை இடிக்கணும், அகழியத் தூர்க்கணும், கையில காசு இல்ல. என்ன செஞ்சாருன்னா, மதிலை இடிச்சு அகழியத் தூர்க்கிறவனுக்கே அந்த எடம்னுட்டாரு. சனங்களே கடப்பாரையத் தூக்கிட்டு வந்துட்டாக. அளந்த மாரட் பேர்ல ஒரு வீதி, வேலைய மேய்ச்ச பெருமாள் மேஸ்திரி பேர்ல ஒரு வீதி. மதிலும் அகழியும் இருந்த வளையத்துல வெளி வீதிக. விளக்குத்தூண் பிளாக்பர்ன் நினைவா வச்சதுதான். உள்ள ஆடி, சித்திரை, மாசி வீதியெல்லாம் அப்படியே நிக்குது, தேரு இன்னைக்கும் ஓடுது.

துணிஞ்சு ஒருத்தன் கோடு போட்டான், ஊரு பொழைச்சுது. இங்க கோடு போட ஆள் இல்ல. அம்புட்டுதேன். ஏன் சுத்திச் சுத்திப் பேசணும்?


பேட்டை_கடைக்காரி | சனி, மதியம் 3:20

கோடு போட ஆள் இல்லையா? எங்க கடைச் சுவத்துல வந்து பாருங்க அண்ணா. செவப்புப் பெயின்ட்ல ரெண்டு கோடு இருக்கு. மொதக் கோடு எங்க மாமியார் இருந்தப்போ போட்டது. ரெண்டாவது போன தேர்தலுக்கு முன்னாடி. ரெண்டுக்கும் நடுவுல மூணடி வித்தியாசம். எந்த ஆபீஸ்ல இருந்து வந்தாங்க, எந்தக் கோடு செல்லும்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. இதுல சுவத்துக்கு வெள்ளையடிக்கவும் பயம், அடிக்காம இருக்கவும் அசிங்கம்.

உங்க கதையில ஒரு விஷயம் கவனிச்சேன். அங்க இடிச்சவங்களுக்கு எடம் கொடுத்தாங்க. இங்க இடிபடப் போறவங்களுக்கு என்ன கொடுப்பாங்கன்னு யாரும் வாயத் தொறக்கல. எனக்கும் தெரு அகலமாகணும்தான். சரக்கு வேன் வரலைன்னு மூட்டைக்கு இவ்வளவுன்னு கூலி கொடுத்து ரவுண்டானாவுல இருந்து தூக்கியார்றது நான்தானே. ஆனா பன்னெண்டடிக் கடையில மூணடி போனா மீதி ஒன்பது. படி வைக்க எடம் போச்சுன்னா உள்ள எப்படி ஏறுவாங்க?

அப்புறம் தலைப்பைப் பத்தி. "கடந்துபோறவங்களுக்காகக் கட்டின ஊரு"ன்னு தம்பி கோவமா எழுதியிருக்காரு. எங்க வீட்ல அதைக் கோவமா யாரும் சொன்னதில்ல. எங்க மாமனார் காலத்துல வண்டியெல்லாம் ஊருக்குள்ளதான் வரும். மெட்ராஸ்ல இருந்து பெங்களூர் போறவங்க, சேலம் போறவங்க, திருவண்ணாமலை போறவங்க, எல்லாரும் இங்க எறங்கித்தான் டீ குடிக்கணும், டயர் பார்க்கணும், கயிறு வாங்கணும், தார்ப்பாய் வாங்கணும். ராத்திரி பதினொரு மணிக்கும் கடை தொறந்திருக்கும். மாம்பழக் காலத்துல கூடைக்குச் சுத்துற சணல் மட்டும் நாளைக்கு ஒரு மூட்டை போகும். கடந்துபோறவங்கதான் எங்களுக்குச் சோறு போட்டாங்க.

புறவழிச்சாலை வந்துச்சு, பாலம் வந்துச்சு. நாலு வழி, அப்புறம் ஆறு வழி. வண்டியெல்லாம் மேல போயிடுச்சு. நல்லதுதான், விபத்து குறைஞ்சுது, ஸ்கூல் புள்ளைங்க நிம்மதியா ரோட்டைத் தாண்டுதுங்க. நான் குத்தம் சொல்லல. ஆனா இந்தப் பேட்டை எதை வச்சுப் பொழைக்கும்னு அந்த ரோட்டை வரைஞ்சவங்க ஒரு நிமிஷம் யோசிச்சாங்களா? கடந்துபோறவங்களுக்காகக் கட்டின ஊர்ல இருந்து கடந்துபோறவங்களையும் எடுத்துட்டா என்ன மிச்சம்?


நாலுரோடு_நக்கல் | சனி, மாலை 4:00

அக்கா, இந்த ஒரு தடவை நக்கல் இல்லாம எழுதறேன். எங்க ஊர்லயும் இதேதான் ஓடுது. பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே சோகத்தூர் பக்கம் கொண்டுபோகணும்னு பேச்சு வந்ததும் கடைக்காரங்க எல்லாம் வேண்டாம்னு நின்னாங்க. நாலு ரோட்டுல மாட்டிக்கிட்டு அரை மணி நேரம் ஹாரன் அடிக்கிறவன் "ஏன்டா வேண்டாங்கிறீங்க"ன்னு திட்டறான். ரெண்டு பேரும் எனக்குச் சொந்தக்காரங்க. பெரியப்பா கடைக்காரர், மாமா பஸ் டிரைவர். பண்டிகைக்கு ரெண்டு பேரையும் ஒரே பந்தியில உட்கார வைக்கிறதில்ல.


ஓய்வுபெற்ற_சங்கிலி | சனி, இரவு 7:45

கடைக்கார அம்மா எழுதியதைப் படித்த பிறகு என் வாதத்தில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். மீதிப் பாதியை விட மாட்டேன்.

மதுரை நண்பர் பிளாக்பர்ன் பற்றிச் சொன்னார். அவருக்குப் பிறகு எழுபது எண்பது வருடம் கழித்து, 1914–15-இல், பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றி வந்தார். மதுரை, கோயம்புத்தூர், காஞ்சிபுரம் எல்லாம் நடந்தே பார்த்து அறிக்கை எழுதினார். அவர் சொன்னது பிளாக்பர்ன் செய்ததற்கு நேர் எதிர். பழைய ஊரின் குறுக்கே நேர்கோடு கிழிக்காதே. எந்த வீடு பாழடைந்ததோ அதை மட்டும் எடு, அந்த இடத்தில் ஒரு திறந்த வெளி, ஒரு மரம், ஒரு கிணறு. சந்துகளை அகலப்படுத்தாமலே காற்று வர வை. நல்ல வைத்தியன் கையை வெட்டுவதற்கு முன் கட்டியைக் கீறிப் பார்ப்பான் அல்லவா, அது போல. 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. பிறகு 1971-இல் இப்போதைய நகர் ஊரமைப்புச் சட்டம்.

சட்டம் இருந்தது. ஆனால் அதைப் பேட்டைத் தெருவில் நடத்திக் காட்ட ஆள் வேண்டுமே? பெரிய நகரத்துக்குத் திட்டக் குழுமம் உண்டு. நம் அளவு ஊருக்கு யார்? நெடுஞ்சாலை போடுபவர் நெடுஞ்சாலையைப் பார்ப்பார். குடிநீர் ஆள் குழாயைப் பார்ப்பார். மின்சாரத்துக்குக் கம்பம். நகராட்சி வரியையும் குப்பையையும் பார்க்கும். நான் என் சங்கிலியையும் கல்லையும் பார்த்தேன். நாங்கள் ஐந்து பேரும் ஒரே தெருவில் ஐந்து நாளில் வந்துபோவோம், ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அந்தச் சிவப்புக் கோடுகளில் ஒன்று எங்கள் ஆட்கள் போட்டதாகவே இருக்கலாம். இதைத்தான் திட்டமின்மை என்றேன். இதில் கட்சி எங்கே வருகிறது?


மதுர_மேஸ்திரி | சனி, இரவு 8:10

கெடிஸ் சொன்ன மாதிரி செஞ்சிருந்தா எங்கூர்ல வெளி வீதி வந்திருக்குமா ஐயா? மதிலுக்குள்ளயே நசுங்கிச் செத்திருப்போம். மரம், கிணறுன்னு பேச நல்லாத்தேன் இருக்கும். தீயணைப்பு வண்டி எது வழியா வரும்?


பேட்டை_கடைக்காரி | சனி, இரவு 8:25

கோட்டை மதிலை இடிச்சா ராஜாவோட மதிலு. ராஜாவே இல்லாதப்போ கேட்க ஆளில்ல. இது எங்க சுவரு.


மத்திகிரி_மைனா | சனி, இரவு 9:00

கட்சி எங்க வருதுன்னு ஐயா கேட்டாரு. நான் சொல்றேன், வேற பக்கத்துல இருந்து.

எங்க பாட்டிக்குப் பல்லெல்லாம் காவி ஏறியிருக்கும். பக்கத்து வீட்டுத் தாத்தா முட்டியை மடக்க மாட்டாரு. தண்ணியில ஃப்ளோரைடு. ரெண்டு மாவட்டத்துலயும் ஊருக்கு ஊர் இந்தக் கதைதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எப்படி வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? 2008-ல கருணாநிதி அடிக்கல் நாட்டினாரு. எல்லைக்கு அந்தப் பக்கம் போராட்டம், பஸ் கண்ணாடி உடைஞ்சுது. ஜப்பான் கடன் வாங்கி, 1928 கோடி ரூபாய்த் திட்டம். 2013-ல ஜெயலலிதா திறந்து வச்சாங்க. நடுவுல ஆட்சி மாறிச்சு, திட்டம் சாகல. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மூணு நகராட்சிக்கும், ஆயிரக்கணக்கான குக்கிராமத்துக்கும் காவிரித் தண்ணி.

அது அரசியல் இல்லாம நடந்திருக்குமா? எல்லாக் கட்சிக்காரனும் மேடைக்கு மேடை கத்தினதாலதான் நடந்துச்சு. தண்ணிக்கு ஓட்டு இருந்துச்சு. பேட்டைத் தெருவுக்கு ஓட்டு இல்ல. ரெண்டு கட்சிக்கும் அங்க ஆள் இருக்கு, எந்தப் பக்கம் கோடு போட்டாலும் ஒரு பக்கம் போயிடும். அதனால கோட்டைப் போட்டுட்டு இடிக்காம விட்டுடறாங்க. ஐயா, அதுக்குப் பேரு திட்டமின்மை இல்ல. அதுவே ஒரு திட்டம்.


நாலுரோடு_நக்கல் | சனி, இரவு 9:12

மைனாக்கா, சபாஷ். இப்ப ஓசூர்ல ஏர்போர்ட்டும் வரப் போகுதாமே? 2024-ல சட்டசபையிலயே சொல்லிட்டாங்க, ரெண்டாயிரம் ஏக்கர், வருஷத்துக்கு மூணு கோடிப் பேரு. பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு நூத்தம்பது கிலோமீட்டருக்குள்ள 2033 வரைக்கும் இன்னொண்ணு கூடாதுன்னு ஒப்பந்தம் இருக்கே, அதைத் தாண்டி எறங்குறதுக்கு ஃப்ளைட்டுக்கும் ஒரு பாலம் போட்டு, "ஊருக்குள்ள போகாது, இங்கயே எறங்கிக்கோங்க"ன்னு சொல்வாங்க போல.


மத்திகிரி_மைனா | சனி, இரவு 9:20

சிரிச்சிட்டேன். ஆனா ரெண்டாயிரம் ஏக்கர் யாரோட நிலம்னு யோசிச்சா சிரிப்பு நின்னுடுது. ராகிக்காரங்க, பூக்காரங்க, தக்காளிக்காரங்க. 2019-ல மாநகராட்சி ஆனோம். பலகையில பேரு மாறிச்சு. எங்க தெருச் சாக்கடைக்கு அந்தச் சேதி இன்னும் எட்டல.


லண்டன்பேட்டை_பையன் | ஞாயிறு, காலை 10:30

எல்லாரும் சொன்னதைப் படிச்சேன். நான் இன்னும் என் கட்சியை மாத்திக்கல. ஐயா "யாரும் திட்டம் போடல"ங்கிறாரு. மைனாக்கா "அதுவே திட்டம்"ங்கிறாங்க. எனக்கு வேற ஒண்ணு தோணுது. திட்டம் போட்டாங்க, எப்பவும் வேற யாருக்கோ போட்டாங்க. கோட்டை மைசூர்க்காரனுக்கு. குட்டி ரயில் பஞ்சக் கணக்குக்கு. நாற்கரச் சாலை சென்னைக்கும் பெங்களூருக்கும். 1950-கள்ல கட்டின கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கம்) ஒண்ணுதான் நம்ம வயலுக்குன்னு கட்டினது. அதுலயும் 2017-ல ஒரு ஷட்டர் உடைஞ்சு தண்ணி வீணாப் போனதை நானே நின்னு பார்த்தேன். கட்டறப்போ இருந்த அக்கறை பராமரிக்கிறப்போ இல்ல.

கடைக்கார அக்கா, உங்க பதிவுக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்ல. நான் பெங்களூர்ல இருந்து வந்து "ஊர் ஏன் இப்படி இருக்கு"ன்னு கேட்டுட்டு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிடறேன். கடந்துபோறவங்கள்ல நானும் ஒருத்தன். நேத்து ராத்திரி அது உறைச்சுது.

ஆனா ஒரு சேதி. காலையில அம்மாவழித் தாத்தா நிலத்துக்குப் போனேன், திருப்பத்தூர் ரோடு பக்கம். வயலுக்கு நடுவுல நீளமா ஒரு மேடு ஓடும். சின்ன வயசுல அதுல சைக்கிள் விடுவோம். "ரயில் மேடு"ன்னு தாத்தா சொல்லுவாரு, நான் சும்மா சொல்றாருன்னு நினைச்சேன். இன்னைக்கு அளந்து பார்த்தேன், மேல பத்து அடி அகலம், ரெண்டு பக்கமும் சரிவு, ஒரே நேரா போகுது. ஓடை குறுக்கிடுற இடத்துல செங்கல் சுவர் ரெண்டு நிக்குது. அது அந்த ரயிலாத்தான் இருக்குமா ஐயா?


ஓய்வுபெற்ற_சங்கிலி | ஞாயிறு, காலை 11:05

இருக்கலாம். ஏரிக்கரையாகவும் இருக்கலாம், பழைய வண்டிப்பாதையாகவும் இருக்கலாம். நேர்கோடு என்கிறீர்கள், ஏரிக்கரை அவ்வளவு நேராகப் போகாது. கிராமப் புலப்படத்தைப் பாருங்கள். ரயில்வே நிலமாக இருந்திருந்தால் நீளமான, ஒல்லியான துண்டாகத் தனிப் புல எண் இருக்கும், அடுத்த கிராமத்திலும் அதே அகலத்தில் தொடரும். அ பதிவேட்டில் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். செங்கல் சுவரைப் படம் எடுத்துப் போடுங்கள், செங்கல்லின் அளவைப் பார்த்தால் ஓரளவு சொல்லிவிடுவேன்.


லண்டன்பேட்டை_பையன் | ஞாயிறு, மதியம் 12:50

போன்லயே பார்த்தேன் ஐயா. தனி நம்பர்தான். ஒல்லியாத்தான் இருக்கு. புறம்போக்குன்னு போட்டிருக்கு. பாதி தூரம் வரைக்கும். மீதிப் பாதி எங்க தாத்தா பட்டாவுக்குள்ளயே வருது!


நாலுரோடு_நக்கல் | ஞாயிறு, மதியம் 12:58

ஆக, ரயிலைப் பிடுங்கியது யாருன்னு கண்டுபிடிச்சாச்சு.


பேட்டை_கடைக்காரி | ஞாயிறு, மதியம் 1:10

ஐயா, அங்க அளக்கப் போறப்போ வழியில எங்க கடைக்கும் வாங்க. ரெண்டு கோட்டுல எது செல்லும்னு சொல்லிட்டுப் போங்க. டீ நான் தர்றேன்.


ஓய்வுபெற்ற_சங்கிலி | ஞாயிறு, மதியம் 1:35

புதன்கிழமை வருகிறேன், அம்மா. ஓய்வு பெற்றவன் சொல் எங்கும் செல்லாது, ஆனாலும் அளந்து சொல்கிறேன். தம்பி, நீங்கள் அன்றைக்கு ஊரில் இருப்பீர்களா?